கையில் தொழில் உண்டு, சான்று எங்கே?

நம் பங்கு மக்களின் இல்லங்களுக்குச் செல்லும்போது, முன்னறைச் சுவரில் திருக்குடும்பப் படத்தின் அருகே கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைப் பல வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம். அவ்வீட்டு மகளோ மருமகளோ பங்கின் தையற்பள்ளியில் ஆறு மாதமோ ஓராண்டோ பயின்று பெற்றதாக அது பெரும்பாலும் இருக்கும். பங்குத்தந்தையின் கையெழுத்தும், பங்கின் முத்திரையும், வழங்கப்பட்ட நாளும் அதில் காணப்படும். அந்தத் தாளைப் பெற்ற நாளில் அக்குடும்பம் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. ஆனால் அத்தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டிய நாள் வரும்போதுதான் சிக்கல் எழுகிறது.

அத்தகைய ஒரு சகோதரி அண்மையில் நம்மிடம் வந்தார். பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்பவர். கணவர் நோயுற்றுப் படுக்கையில் விழுந்தமையால், மாதந்தோறும் உறுதியாக வருமானம் தரும் வேலை ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு பயிற்சி மையத்தில் தையல் ஆசிரியை பணி காலியாக இருப்பதாக அறிந்து விண்ணப்பித்தார். அங்கிருந்த அதிகாரி அவர் தைத்த துணிகளைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். பிறகு சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அம்மா, தையல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாள் எங்கள் கணக்கில் வராதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்படியானால் நான் கற்றது வீண்தானா?" என்று அவர் நம்மிடம் கேட்டபோது, உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை.

அதே மாதத்தில் இன்னொருவரையும் சந்தித்தோம். இருபத்திரண்டு ஆண்டுகளாக வெல்டிங் தொழிலில் இருப்பவர். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டவர். பெரிய ஒப்பந்த வேலைகளில் அவருக்குத் துணையாள் கூலியே கிடைக்கிறது. அவரிடம் தொழில் பழகிய இளைஞன் ஒருவன், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த சான்று இருப்பதால், வெல்டர் கூலி பெறுகிறான். "ஐயா, அவனுக்கு டார்ச்சு பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்" என்றார் அவர். அச்சொற்களில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

இவ்விருவரும் கேட்ட கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

திறமை வேறு, அங்கீகாரம் வேறு

முதலில் மூன்று பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். திறமை என்பது ஒருவரிடம் இருப்பது. சான்றிதழ் என்பது அத்திறமை உண்டு என்று மற்றொருவர் எழுதித் தருவது. அங்கீகாரம் என்பது, அவ்வாறு எழுதித் தருபவரை நம்பலாம் என்று பொதுவான ஓர் அமைப்பு உறுதி கூறுவது. நம் சகோதரியிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. பங்குத்தந்தையின் கையெழுத்தை நம் ஊரார் அறிவர். நூறு மைலுக்கு அப்பால் உள்ள ஆலை மேலாளர் அதை எவ்வாறு அறிவார்? அவர் ஐயுறுவது நம் பங்குத்தந்தையின் நேர்மையை அன்று. அந்தப் பள்ளியில் என்ன கற்பித்தார்கள், எந்த அளவுகோலால் சோதித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது என்பதே உண்மை.

இச்சிக்கல் புதியதன்று. ஐரோப்பிய நகரங்களில் இடைக்காலத்தில் கைத்தொழிலாளர் சங்கங்கள் இருந்தன. தொழில் பழகுநன், கூலித் தொழிலாளி, ஆசான் என்னும் படிகளை அவை வகுத்தன. ஆசான் ஆக விரும்புபவர் தம் கையால் ஒரு சிறந்த பொருளைச் செய்து, சங்கத்து ஆசான்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். நல்ல முறைதான். ஆயினும் தீர்ப்புக் கூறுவோரே போட்டித் தொழிலாளராகவும் இருந்தமையால், தம் மக்களுக்குக் கதவைத் திறந்து பிறருக்கு அடைத்துவிட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. யார் மதிப்பிடுவது என்னும் வினா அன்றும் இருந்தது; இன்றும் இருக்கிறது.

தட்டெழுத்து கற்பித்த பாடம்

நம் குடும்பங்கள் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். நம் ஊர்களில் தட்டெழுத்துப் பயிலகத்திற்குச் செல்லாத பிள்ளைகள் ஒரு காலத்தில் குறைவு. அப்பயிலகத்தின் ஆசிரியர் கற்பிப்பார். ஆனால் தேர்வு நடத்துபவர் அவரல்லர். தமிழகத்தில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே தேர்வு நடத்திச் சான்று வழங்குகிறது. இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்பது வேக அளவு. ஐந்து தட்டுகள் ஒரு சொல் எனக் கொண்டு, பத்து நிமிடத்தில் பிழை குறைவாக அடித்து முடிக்க வேண்டும். எத்தனை மாதம் பயிலகத்தில் அமர்ந்திருந்தீர்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. மூன்று மாதத்தில் கற்றவரும் மூன்று ஆண்டில் கற்றவரும் ஒரே தாளை ஒரே நேரத்தில் அடித்துக் காட்டியாக வேண்டும்.

இன்று "செயல்திறன் அடிப்படையிலான பயிற்சி" என்று பெரிய பெயரால் வழங்கப்படுவதன் கரு இதுவே. செய்ய வேண்டிய வேலை இன்னது, எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும், எந்தச் சூழலில் செய்ய வேண்டும் என்று முன்னதாகவே எழுதி வைத்து, அதைச் செய்து காட்டியவருக்குச் சான்று வழங்குவது இம்முறை. ஓட்டுநர் பள்ளி வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறது. உரிமம் வழங்குவது போக்குவரத்து அலுவலகம். கற்பிக்கும் கையும் மதிப்பிடும் கையும் வேறாக இருக்க வேண்டும் என்பது இவ்விரண்டிலும் நாம் காணும் நெறி.

நாட்டில் நடந்து வந்த பாதை

விடுதலைக்குப் பின் நம் நாட்டில் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் சுமார் 50 தொழிற்பயிற்சி நிலையங்களுடன் தொடங்கப்பட்டது. எல்லா மாநிலங்களிலும் ஒரே தரம் நிலவ வேண்டும் என்பதற்காக 1956-இல் தேசிய அளவில் தொழிற்பயிற்சிக்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டு, தொழிற்சாலைகளே இளைஞர்களை ஏற்றுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற கடமை ஏற்பட்டது. பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், வெல்டர் எனப் பல தொழில்களில் நம் இளைஞர் பலர் இவ்வழியாகவே வாழ்வு பெற்றனர்.

எனினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. ஓராண்டு அல்லது ஈராண்டு முழுநேரம் படிக்க வேண்டும். குறித்த வகுப்புவரை பள்ளிப் படிப்பு வேண்டும். வறுமையால் பள்ளியை விட்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே பட்டறைக்குச் சென்றவர்க்கு அந்த வாசல் அடைபட்டே இருந்தது. நம் நாட்டுத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு வேலையிடத்திலேயே தொழில் கற்றவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிற நாடுகளிலும் இக்குறை உணரப்பட்டது. பிரிட்டனில் 1986-இல் தொழில் தகுதிகளுக்கான தேசிய மன்றம் அமைக்கப்பட்டு, வேலையிடத்தில் செய்து காட்டும் திறனுக்கே சான்று என்ற முறை பரவியது. ஆஸ்திரேலியாவும் 1990-களில் அவ்வழியைப் பின்பற்றியது. நம் நாட்டில் 2007-இல் குறுகிய காலத் தொகுதிப் பயிற்சிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் பயிற்சி அளிப்பவரைச் சாராத தனி அமைப்புகள் மதிப்பீடு செய்தன. 2013 டிசம்பர் 27-ஆம் நாள் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. எல்லாத் தொழில் தகுதிகளையும் 10 படிகளில் அது வரிசைப்படுத்தியது. 2023-இல் அது திருத்தப்பட்டு 8 படிகளாயிற்று. கற்கும் நேரத்தைக் கணக்கிட, 30 மணி நேரம் ஒரு மதிப்புப் புள்ளி என்னும் அளவும் அவ்வாண்டில் வகுக்கப்பட்டது.

இக்கட்டமைப்பைக் காக்கும் பொறுப்பு இப்போது தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக்கான தேசிய மன்றத்திடம் உள்ளது. என்.சி.வி.இ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்மன்றம் 2018 டிசம்பர் 5-இல் அறிவிக்கப்பட்டு, 2020 ஆகஸ்டு முதல் பணியாற்றி வருகிறது. இது தானே நேரடியாகப் பயிற்சி அளிப்பதில்லை. சான்று வழங்கும் அமைப்புகளையும் மதிப்பீட்டு முகமைகளையும் ஆராய்ந்து, அவற்றுக்கு அங்கீகாரம் தருவதே இதன் பணி.

ஒரு தொழிலைப் பிரித்து எழுதுதல்

அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதில் தலைப்புகளைவிடச் செயல்களே மிகுதியாக இருப்பதைக் காணலாம். "வெல்டிங் அறிந்திருக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் போதாது. உருளையையும் குழாயையும் இணைத்தபின் கசிவு உண்டா என்று சோப்பு நீர் தடவிப் பார்த்தல், ஆக்ஸிஜன் உருளையின் வால்வில் எண்ணெய்ப் பிசுக்குப் படாமல் காத்தல், கண்காப்பும் கையுறையும் அணிதல், இணைக்கும் விளிம்பைத் துருவும் வண்ணமும் நீங்கச் சுத்தம் செய்தல் என ஒவ்வொரு செயலும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். தட்டையாகக் கிடக்கும் தகட்டில் அழகாகப் பற்றவைப்பவர், தலைக்கு மேலுள்ள குழாயில் அவ்வாறே செய்வார் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் வெல்டரின் தகுதி எந்த நிலையில், எந்தப் பொருளில் என்று குறிப்பிட்டே சோதிக்கப்படுகிறது.

தையலிலும் இப்படித்தான். ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்யும் தையல் இயந்திர இயக்குநர் ஒரு தொழிலினர். வீட்டிலோ சிறு கடையிலோ தைக்கும் சுயதொழில் தையற்காரர் வேறொரு தொழிலினர். இரண்டுக்கும் தனித்தனித் தகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சுயதொழில் செய்பவர் அளவெடுக்க வேண்டும், துணி வெட்ட வேண்டும், வாடிக்கையாளருக்குப் பொருந்துமாறு திருத்த வேண்டும், விலை சொல்ல வேண்டும், கணக்கும் எழுத வேண்டும். ஆலையில் இருப்பவர் ஓவர்லாக், பிளாட்லாக் போன்ற மின் இயந்திரத்தில் ஒரே பகுதியை வேகமாகவும் பிழையின்றியும் தைக்க வேண்டும். நம் பங்குத் தையற்பள்ளிகளில் கால்மிதி இயந்திரத்தில் முழு இரவிக்கை தைக்கக் கற்ற பெண், திருப்பூர் ஆலையில் முதல் வாரம் திகைத்து நிற்பதன் காரணம் இதுவே.

சிறிய செய்தி ஒன்றையும் இங்குக் கூறுவோம். நம் பள்ளிகளில் ஊசி உடைந்தால் வேறு ஊசி மாட்டிக்கொண்டு தைக்கச் சொல்வோம். ஏற்றுமதி ஆலைகளில் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ஒப்படைத்த பிறகே புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குழந்தையின் சட்டையில் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய வேலையிட ஒழுங்கு நூலில் இருப்பதைவிட வேலைக்களத்திலேயே இருக்கிறது. ஆகவேதான் செயல்திறன் பயிற்சியில் வேலையிடப் பயிற்சி ஒரு பகுதியாகச் சேர்க்கப்படுகிறது.

பயிற்சி மையம் செய்ய வேண்டியவை

சிறிய பயிற்சி மையமொன்று அங்கீகாரம் பெற விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? முதலாவது, தான் கற்பிக்கும் தொழிலுக்கு ஏற்கனவே வகுக்கப்பட்ட தகுதி உண்டா என்று தேசியத் தகுதிப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். இப்பதிவேடு இணையத்தில் எவரும் காணத்தக்கது. தகுதியின் பெயர், குறியீட்டு எண், படி, பயிற்சி நேரம், சேர்வதற்கான கல்வித் தகுதி ஆகியவை அதில் இருக்கும். ஒவ்வொரு தகுதியும் குறித்த காலத்திற்கே செல்லும். பின்னர் அது திருத்தப்படும். காலம் முடிந்த தகுதிக்குப் பயிற்சி தருவது வீண் உழைப்பு.

இரண்டாவது, அத்தகுதிக்குச் சான்று வழங்கும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு எது என்று அறிந்து, அதன்கீழ்ப் பயிற்சி மையமாகச் சேர விண்ணப்பிக்க வேண்டும். நம் பங்கின் பள்ளி தானே சான்று வழங்கும் அமைப்பாக மாற வேண்டுவதில்லை. அது பெரும் பொறுப்பும் பெருஞ்செலவும் உடையது. மூன்றாவது, இடமும் கருவிகளும். ஒரு குழுவில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை இயந்திரங்கள், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, குடிநீர், கழிப்பறை ஆகியவை உண்டா என்பதெல்லாம் நேரில் பார்க்கப்படும்.

நான்காவது, ஆசிரியர். தொழில் தெரிந்தவர் என்பது மட்டும் போதாது. கற்பிக்கும் திறனுக்கும் அவர் தேர்வு பெற்றிருக்க வேண்டும். ஐந்தாவது, பதிவேடுகள். வருகை, ஒவ்வொரு மாணவரும் செய்து முடித்த பயிற்சிகள், வேலையிடப் பயிற்சி நாள்கள் ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். ஆறாவது, மதிப்பீடு. அங்கீகாரம் பெற்ற முகமையிலிருந்து வரும் மதிப்பீட்டாளரே சோதிப்பார். கற்பித்த ஆசிரியர் தம் மாணவருக்குத் தாமே மதிப்பெண் இடலாகாது. இவையெல்லாம் நிறைவேறிய பின் வழங்கப்படும் சான்று, நாட்டின் எந்த மூலையிலும் சரிபார்க்கத்தக்கதாக இருக்கும்.

பதிவேட்டிலேயே இல்லாத தொழிலாக இருந்தால் வேலை இன்னும் கடினம். அத்தொழிலுக்குத் தேவை உண்டு என்பதற்கு வேலை தருவோரிடமிருந்து சான்றுகள் திரட்ட வேண்டும். தொழிலைச் செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தர அளவும் மதிப்பீட்டு முறையும் எழுத வேண்டும். சான்று வழங்கும் அமைப்பின் வாயிலாக அது தேசிய மன்றத்திற்குச் சென்று, அங்குள்ள தகுதிக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். தொழிற்சாலைகளும் பெரிய பணிமனைகளும் தம்மிடம் நடக்கும் பயிற்சிக்கு மதிப்புத் தேட இவ்வழியை நாடலாம். தொழில் பழகுநர்களை முறைப்படி பதிவுசெய்து ஏற்பது அவர்களுக்கு இன்னும் எளிய வழி. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை ஏற்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. தொழிலகம் நடத்தும் நம் பங்கு மக்கள் இதைக் கவனிப்பாராக.

ஆசிரியையே மாணவியான நிகழ்ச்சி

நாம் அறிந்த ஒரு பங்கின் தையற்பள்ளி இம்முயற்சியில் இறங்கியது. பங்குப் பேரவையில் அதுபற்றி நீண்ட விவாதம் நடந்தது. "இருபது ஆண்டுகளாக நன்றாகத்தானே நடக்கிறது, வெளியார் வந்து சோதிப்பானேன்?" என்றார் ஒரு பெரியவர். "எட்டாம் வகுப்பும் முடிக்காத பிள்ளைகளை வெளியே தள்ளப் போகிறீர்களா?" என்று மாதர் சங்கத் தலைவி கேட்டார். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருந்தது. ஆதலின் இரு பிரிவாக நடத்துவது என முடிவாயிற்று. தகுதியுடையோர்க்கு அங்கீகாரம் பெற்ற வகுப்பு. மற்றவர்க்கு முன்போலவே திறந்த வகுப்பு. திறந்த வகுப்பில் தரப்படும் தாளில் "பயிற்சியில் பங்கேற்றார்" என்று மட்டுமே எழுதுவது எனவும் தீர்மானித்தார்கள். இல்லாத மதிப்பை இருப்பதாகக் காட்டுவது ஏழைப் பெண்களுக்கு இழைக்கும் தீங்கு என்று பங்குத்தந்தை உறுதியாகக் கூறினார்.

அடுத்து எழுந்தது ஆசிரியையின் நிலை. ஊரில் பாதிப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவரே இப்போது பயிற்றுநர் தேர்வுக்கு அமர வேண்டும். முதல் முறை அவர் தேறவில்லை. தையலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாடத்தைத் திட்டமிட்டு எழுதுவதிலும், மாணவியரின் முன்னேற்றத்தைப் பதிவு செய்வதிலும் குறை காணப்பட்டது. அன்று மாலை அவர் வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். மாணவியரை உட்காரவைத்து, "நேற்று உங்கள் டீச்சர் பரீட்சையில் தோற்றுவிட்டாள். அடுத்த மாதம் மறுபடியும் எழுதப் போகிறாள்" என்று தாமே சொன்னார். இரண்டாம் முறை அவர் தேறினார். இதனால் தமது கற்பிக்கும் முறையே மாறிவிட்டது என்று பின்னர் நம்மிடம் கூறினார். முன்பெல்லாம் ஒரு பெண்ணுக்குத் தையல் வரவில்லையென்றால் "கவனம் போதாது" என்று சொல்லிவிடுவாராம். இப்போது அளவெடுப்பதில் தவறா, வெட்டுவதில் தவறா, இயந்திரத்தின் நூல் இறுக்கத்தில் தவறா என்று பிரித்துப் பார்க்கிறாராம்.

அனுபவசாலிகளுக்கு ஒரு வாசல்

ஏற்கனவே தொழில் அறிந்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. "முன்கற்றலுக்கு அங்கீகாரம்" என்னும் வழி இவர்களுக்காகவே உள்ளது. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இது ஒரு பகுதியாக இடம்பெற்று, நாடெங்கும் பரவியது. விண்ணப்பித்தவரின் அனுபவம் முதலில் ஆராயப்படும். எந்தத் தகுதிக்கு அவர் பொருத்தமானவர் என்று தீர்மானிக்கப்படும். குறையுள்ள பகுதிகளில், குறிப்பாகப் பாதுகாப்பு முறைகளில், சிறு விளக்கப் பயிற்சி அளிக்கப்படும். பின்னர் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். இதுவன்றி, தகுந்த அனுபவமுள்ளோர் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வை எழுதுவதற்கும் வழியுண்டு. விவரங்களை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் கேட்டறியலாம்.

கட்டுரையின் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட சகோதரி இவ்வழியில் சென்றார். சுயதொழில் தையற்காரர் தகுதிக்குச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றார். அவர் விரும்பிய பணியிடம் அதற்குள் நிரம்பிவிட்டது. எனினும் மேற்கூறிய தையற்பள்ளியில் இப்போது உதவி ஆசிரியையாக இருக்கிறார். பயிற்றுநர் தேர்வுக்கும் ஆயத்தம் செய்கிறார்.

வெல்டர் சகோதரரோ இன்னும் செல்லவில்லை. சோதனைக்கும் விளக்கப் பயிற்சிக்கும் போக வேண்டிய நாள்களில் கூலி போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தந்தை அவர். அக்காரணத்தை அலட்சியமாக ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பால் சபையும் பிற சங்கங்களும் இத்தகையோருக்கு அந்தச் சில நாள் கூலியை ஈடு செய்ய முன்வரலாகாதா? ஒரு முறை செய்யும் அவ்வுதவி, அவர் வாழ்நாள் முழுவதும் பெறும் கூலியை உயர்த்தக்கூடும்.

ஏமாறாதிருக்க

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டும் நிலையங்கள் பல உள்ளன. அவற்றுள் சில, சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்துகொண்ட எண்ணையே அங்கீகாரம் என்று காட்டுகின்றன. சிறுதொழிற் பதிவு எண்ணையும் அவ்வாறே காட்டுவோர் உண்டு. தரமேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றிருப்பதும் பாடத்திட்டத்திற்குக் கிடைத்த அங்கீகாரம் ஆகாது. ஒரு சங்கம் பதிவு பெற்றது என்பதற்கும், அது கற்பிக்கும் தொழிலுக்குத் தேசியத் தகுதி உண்டு என்பதற்கும் தொடர்பில்லை.

ஆகவே பெற்றோர் பணம் கட்டுவதற்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இப்பயிற்சிக்குரிய தகுதியின் பெயரும் குறியீட்டு எண்ணும் யாவை? சான்று வழங்கும் அமைப்பு எது? இறுதி மதிப்பீட்டைச் செய்பவர் யார்? மூன்றுக்கும் தெளிவான விடையைத் தாளில் எழுதித் தருபவரை நம்பலாம். விடையைப் பதிவேட்டில் சரிபார்த்த பின் பணம் கட்டலாம். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவரிடமிருந்து விலகி வருவதே நலம்.

முறையின் எல்லைகள்

இம்முறையில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. செயல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் குறியிடும்போது, தொழிலின் முழுமை மறைந்துவிடும் ஆபத்து உண்டு. பிரிட்டனில் இம்முறை பரவியபோது, தாள்களை நிரப்பும் வேலை மிகுந்து, அடிப்படை அறிவு குறைந்துவிட்டது என்று கல்வியாளர் பலர் குறை கூறினர். நம் நாட்டிலும் எண்ணிக்கை இலக்கை எட்டுவதற்காக அவசர அவசரமாகச் சான்று வழங்கும் போக்கு கண்டனத்துக்கு உள்ளானது. 2016-இல் மைய அரசு அமைத்த சாரதா பிரசாத் குழு, தரம் வகுப்போரின் நலனும் பயிற்சியால் ஆதாயம் பெறுவோரின் நலனும் பின்னிக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. பொதுவான ஓர் ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இத்தகைய குறைகளும் காரணம்.

சான்று கிடைத்த மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. வேலை இருக்க வேண்டும்; கூலி நியாயமாக இருக்க வேண்டும்; வேலையிடம் பெண்களுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இவற்றைச் சான்றிதழ் தர இயலாது. ஆனால் கதவைத் தட்டும்போது, "உன் தாள் எங்கள் கணக்கில் வராது" என்னும் ஒரு சொல்லையாவது அது தடுக்கும்.

நம் பங்குகளில் தையற்பள்ளிகளும், கணினி வகுப்புகளும், சிறு பட்டறைகளும் எத்தனையோ உள்ளன. அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் பல்லாண்டு உழைத்து அவற்றை வளர்த்துள்ளனர். அவ்வுழைப்பின் பயன் அப்பிள்ளைகள் கையில் முழுமையாகச் சேர வேண்டுமானால், அவர்கள் பெறும் தாள் ஊர் எல்லையைக் கடந்தும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். அடுத்த பயிற்சிக் குழுவைச் சேர்ப்பதற்குமுன், பங்குப் பேரவைகள் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கி, பதிவேட்டைப் பார்த்து, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய முதல்வரை அழைத்து ஆலோசிப்பார்களாக. இல்லங்களில் உள்ளோரும் தம் வீட்டுச் சுவரில் தொங்கும் சான்றிதழை ஒருமுறை இறக்கிப் பார்ப்பார்களாக. அதில் எழுதப்பட்டிருக்கும் திறமை உண்மையானால், அதை உலகறியச் செய்யும் வழி இன்று திறந்திருக்கிறது.